ஒரு பெயர், ஓர் அமானிதம்

தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் பொறியாளராக இருந்த சத்யேந்திர துபே, ஒப்பந்தப் பணிகளில் நிகழ்ந்த முறைகேடுகளை விவரித்து 2002 நவம்பரில் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். தம் பெயரை இரகசியமாக வைக்குமாறும் அதில் வேண்டினார். ஆயினும் அக்கடிதம் அவர் பெயருடனேயே அலுவலகம் விட்டு அலுவலகம் சென்றது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதை வழிப்பறிக் கொலையாகக் கண்ட நீதிமன்றம் 2010இல் மூவரைத் தண்டித்தது. ஆனால், இரகசியம் காக்கப்படாததற்கு யார் பொறுப்பு என்ற வினா அத்துடன் தீரவில்லை. அவர் வாழ்ந்தவரை அப்புகாரை மக்கள் அறியவில்லை. அவர் பெயரையோ அதிகாரிகள் பலர் அறிந்திருந்தனர். மறைக்க வேண்டியது வெளிப்பட்டது. வெளிப்பட வேண்டியது மறைந்தது.

2004இல் புகார்தாரரின் பெயரைக் காக்கும் பொறுப்பு மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்திடம் தரப்பட்டது. 2014இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது; ஆனால் அதை நடைமுறைப்படுத்தும் அறிவிக்கை வராமலே ஆண்டுகள் பல கடந்தன.

நம்பி ஒப்படைக்கப்படும் பெயர் ஓர் அமானிதம். அநீதியைக் கண்டால் வாய்மூடி இராதே என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நாம், வாய்திறப்பவரைக் காக்குமாறு அரசிடம் கேட்கவும் கடமைப்பட்டுள்ளோம்.