தக்காளியும் தமிழர் அடுக்களையும்: பச்சிலைப்பள்ளியிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

அரசர் பெயரையும் போர்க்களங்களையும் கோயிற் கல்வெட்டுக்களையும் கொண்டு நாட்டு வரலாறு எழுதுதல் நெடுங்கால வழக்கம். நாள்தோறும் அடுப்பேறும் குழம்பிற்கும் சொதிக்கும் வரலாறு உண்டென்று கருதுவார் மிகச் சிலரே. ஆயினும் ஒரு மக்கட் கூட்டம் பிறநாட்டாரோடு கலந்த வகையினையும், கலந்தபோது தன் இயல்பை இழவாது நின்ற வகையினையும் அடுக்களையைப்போல் தெளிவாகக் காட்டுவது பிறிதொன்றில்லை. இவ்வுண்மையைத் தக்காளிப்பழம் ஒன்றனை எடுத்துக்கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய பிரிவுகளாகிய வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, பச்சிலைப்பள்ளி என்னும் நான்கனுள் இறுதியது வன்னிப் பெருநிலத்தை நோக்கி நீண்டு கிடப்பது. அதன் நடுநாயகமாய் விளங்கும் ஊர் பளை. 1984ஆம் ஆண்டிற் கிளிநொச்சி தனி மாவட்டமாக்கப்பட்டபோது இப்பகுதி அதனுட் சேர்ந்தது. மணற்பாங்கான நிலமும் தென்னந்தோப்புக்களும் இதன் அடையாளம். தேங்காய்ப்பாலுக்குக் குறைவில்லாத இவ்வூரின் அடுக்களையிலே தக்காளிப்பழச் சொதி நாட்பட்ட உணவாகத் தோன்றும். 'இது எம் பாட்டன் பூட்டன் காலத்துக் கறி' என்று முதியோர் கூறவுங் கேட்கலாம். அக்கூற்று எத்துணைப் பொருந்தும் என்பதே நம்முன் உள்ள வினா.

தக்காளியின் தாயகம் தென்னமெரிக்காவின் மேற்குப் பகுதியிலுள்ள அந்தீசு மலைநாடு. அதனைப் பயிராக்கிப் பெருக்கியவர் மெக்சிக்கோ நாட்டுப் பழங்குடியினர். அவருடைய நாவத்தல் மொழியிலிருந்தே ஐரோப்பியர் வழங்கும் பெயர் பிறந்தது. 1519இல் மெக்சிக்கோவினுட் புகுந்து 1521இல் அதன் தலைநகரைக் கைப்பற்றிய இசுப்பானியர், பிற பயிர்களோடு இதனையும் தம் நாட்டிற்குக் கொண்டுசென்றனர். 1544இல் இத்தாலிய மருத்துவராகிய மத்தியோலி இதனைத் தம் நூலிற் குறித்துள்ளார். நச்சுப்பூண்டுகள் சிலவற்றோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்ததாகலின் ஐரோப்பியர் பலர் இதனை உண்ண நெடுங்காலம் அஞ்சினர். தக்காளிச் சாறு இல்லாமல் இத்தாலியர் உணவு இல்லை என்று இன்று உலகம் நினைக்கின்றது. ஆனால், அந்நாட்டுச் சமையல் நூலொன்றில் தக்காளிச் சாறு செய்யும் முறை முதன்முதலாக அச்சேறியது 1692இலேயாம். அதனை எழுதிய இலத்தீனி என்பவரும் அதற்கு 'இசுப்பானிய முறை' என்றே பெயரிட்டார். கண்டதற்கும் உண்டதற்கும் இடையே அங்கும் ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தன என்பது கருதத்தக்கது.

1505இல் இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைத் தம் ஆட்சிக்குட்படுத்தினர். 1658இல் ஒல்லாந்தர் அவர்களை வென்றனர். 1795இல் ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தைக் கைக்கொண்டனர். ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்திற் பணிபுரிந்த பாதிரியார் பால்தேயசு, 1672இல் வெளிவந்த தம் நூலிலே பச்சிலைப்பள்ளிப் பிரிவையும் அதிலிருந்த கிறித்தவ ஆலயங்களையும் குறித்துள்ளார். புதிய சமயமும் புதிய ஆட்சியும் வந்த அக்காலத்திலே புதிய பயிர்களும் வந்தன. மிளகாய், புகையிலை, பப்பாசி, கொய்யா, அன்னாசி, மரவள்ளி, கச்சான், மரமுந்திரிகை ஆகிய யாவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியர் வழியே கீழைநாடுகளை அடைந்தவை. இவற்றுள் மிளகாயும் புகையிலையும் யாழ்ப்பாணத்தார் செல்வத்திற்கே அடிப்படையாயின. தக்காளியோ அவைபோல் விரைந்து இடம்பெறவில்லை. காரணம் யாது?

மிளகாய் வருமுன்னர் நம்மவர் காரத்திற்கு மிளகையே நம்பியிருந்தனர். மிளகு மழைமிக்க மலைச்சாரலில் விளைவது. வறண்ட வடநிலத்தார் அதனை விலைகொடுத்தே பெறவேண்டும். மிளகாயோ கிணற்று நீர் கொண்டு வீட்டு வளவிலேயே விளையக்கூடியது. காயவைத்தால் ஆண்டு முழுவதும் இருப்பது. ஆகவே அது வந்தவுடன் ஒரு குறையை நிறைத்தது. 'மிளகு போலும் காய்' என்று பெயரும் பெற்றது. தக்காளி நிறைக்கவேண்டிய குறை எதுவும் நம் அடுக்களையில் இருந்திலது. புளிப்புக்குப் பழப்புளி இருந்தது. தேசிக்காயும் மாங்காயும் மோரும் இருந்தன. பழப்புளியை உப்பிட்டுப் பானையில் அடைத்தால் அடுத்த பருவம்வரை கெடாது. தக்காளிப்பழமோ சில நாட்களில் அழுகும். இரவு வெப்பம் மிகுந்தாற் பூ உதிரும். பெருமழையிற் செடி வாடும். இத்தகைய மென்பயிரைப் புளியமரம் நிற்கும் ஊரார் விரைந்து ஏற்பதற்கு யாதொரு காரணமும் இல்லை. ஒடியற் கூழுக்கும் மரக்கறிக் குழம்பிற்கும் இன்றும் பழப்புளியே முதன்மை பெறுவது இதனை வலியுறுத்தும்.

சொல்லாராய்ச்சியும் இம்முடிவிற்குத் துணைநிற்கின்றது. தக்காளி என்பது தமிழில் முன்னரே இருந்த சொல். வேலியோரத்தில் தானே முளைக்கும் சிறு செடிகள் சிலவற்றின் பெயர் அது. மணத்தக்காளி என்னும் கீரையும், உறைக்குள் சிறுபழம் காய்க்கும் சொடக்குத் தக்காளியும் இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கின்றன. கடல்கடந்து வந்த பெரிய பழத்தைக் கண்ட தமிழர், அதன் இனத்தை உய்த்துணர்ந்து 'சீமைத் தக்காளி' என்றனர். தாவரவியலார் பின்னர் ஆராய்ந்து இவையெல்லாம் ஒரே குடும்பத்தன என்று நிறுவியதை நோக்கும்போது, நம் முன்னோரின் கூர்த்த பார்வை வியக்கத்தக்கதாகும். காலப்போக்கிற் 'சீமை' என்னும் அடைமொழி உதிர்ந்தது. விருந்தாய் வந்தது பெயருக்கே உரிமை பூண்டது. மலையாளத்தாரும் சிங்களவரும் அதே பெயரை வழங்குகின்றனர். வங்காளத்திலோ இதனை 'விலாயதிக் கத்தரி' என்னும் பொருள்படும் பெயரால் அழைப்பர். அயன்மையைச் சொல்லிலே காத்து வைத்தமைக்கு அது சான்று.

காலத்தை அறுதியிட வேறொரு சான்றும் உண்டு. 1889ஆம் ஆண்டு தொடங்கி வெளிவந்த, இந்தியப் பொருள்வளம் பற்றிய பேரகராதியிலே சோர்ச் உவாற்று என்னும் அறிஞர், தக்காளி பெரும்பாலும் ஐரோப்பியர் பொருட்டே பயிராகின்றது என்றும், வங்காளரும் பர்மியரும் அதனைப் புளிக்கறிகளிற் சேர்க்கின்றனர் என்றும் குறித்துள்ளார். ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலுங்கூட இந்நாடுகளில் அது பொதுமக்கள் உணவாக முழுதும் ஆகவில்லை. தமிழர் வீடுகளில் அது பரவலாக நிலைபெற்றது இருபதாம் நூற்றாண்டில் என்று கொள்ளுதல் பொருந்தும்.

இதற்கு அரண் செய்வது சமயச் சடங்கு. வீட்டிலே நாட்சமையல் எளிதில் மாறும். தெய்வத்திற்கும் பிதிரர்க்கும் படைக்கும் உணவு எளிதில் மாறாது. தமிழ்நாட்டு அந்தணர் இல்லங்களிற் சிராத்த நாளிலே தக்காளி, உருளைக்கிழங்கு, கோவா முதலியவற்றை விலக்குவர். ஒடிசாவிலுள்ள பூரி செகநாதர் ஆலய மடைப்பள்ளியிலும் தக்காளிக்கு இடமில்லை. இவ்விலக்குகளை வெறும் ஆசாரம் என்று தள்ளுதல் வரலாற்று மாணவர்க்கு அழகன்று. ஐரோப்பியர் வருமுன் நம் நாட்டார் எவற்றை உண்டனர் என்பதை எழுத்தின்றிக் காத்துவரும் ஆவணங்கள் அவை.

இனி, வந்த பழத்தை நம் மகளிர் எவ்வாறு ஆண்டனர் என்பதைக் காண்போம். தக்காளிக்கென்று புதிய கறிவகை ஒன்றும் அவர்கள் படைத்திலர். யாழ்ப்பாணத்திற் சொதி, குழம்பு, சம்பல் என்னும் பழைய வகைகளுள்ளும், தமிழ்நாட்டில் இரசம், துவையல், சோறு என்னும் வகைகளுள்ளும் அதனைப் புகுத்தினர். வடசொல் தமிழில் வருங்கால் வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தை ஏற்று வரவேண்டும் என்பது தொல்காப்பியர் விதி. அடுக்களையிலும் அவ்விதியே நிகழ்ந்தது எனலாம். பொருள் அயலது, இலக்கணம் நம்முடையது.

சொதியை எடுத்துக்கொள்வோம். நால்வருக்கு நன்கு பழுத்த தக்காளி மூன்று, சின்ன வெங்காயம் பத்து, பச்சைமிளகாய் நான்கு, பாதித் தேங்காய் போதும். தேங்காயைத் துருவி முதற்பாலைத் தனியே பிழிந்து வைத்து, இரண்டாம் மூன்றாம் பாலிலே வெங்காயம், மிளகாய், கறிவேப்பிலை, சிறிது வெந்தயம், மஞ்சள், உப்பு என்பவற்றை இட்டு அவியவிடுவர். அவை வெந்தபின் தக்காளியை நறுக்கிச் சேர்ப்பர். அது குழைந்ததும் முதற்பாலை விட்டு, துழாவிக்கொண்டே ஒரு கொதி வருமுன் இறக்குவர். புளிப்பும் மிகுந்த வெப்பமும் கூடினாற் பால் திரைந்துவிடும் என்பதே இவ்வொழுங்கின் காரணம். தேசிப்புளி விடும் பழைய சொதியில் அடுப்பினின்றும் இறக்கிய பின்னரே புளி விடுவது வழக்கம். தக்காளியின் புளிப்பு மென்மையானதாகலின் அடுப்பிலிருக்கும்போதே சேர்க்க இயன்றது. பழைய முறையை அறிந்தே இச்சிறு மாற்றத்தைச் செய்திருக்கின்றனர்.

குழம்பிலே வெங்காயத்தையும் தக்காளியையும் நல்லெண்ணெயில் வதக்கி, வறுத்திடித்த கறித்தூளிட்டு, பழப்புளியின் அளவைப் பாதியாகக் குறைப்பர். புளியை அறவே நீக்குவார் சிலரே. சம்பலுக்கோ, தணலிலே சுட்ட தக்காளியைத் தோலுரித்துப் பிசைந்து, அரிந்த வெங்காயமும் பச்சைமிளகாயும் உப்பும் கூட்டினாற் போதும். சுட்ட கத்தரிக்காய்ச் சம்பலின் வழியிலே அமைந்தது இது. கத்தரியும் தக்காளியும் ஒரே குடும்பத்தன என்பதை மீண்டும் நினைக. 'சம்பல்' என்னும் சொல் மலாய் மொழியினின்று வந்தது என்பதும் ஈண்டு அறியத்தக்கது.

இங்கு ஒரு கேள்வி எழும். தக்காளி அயலது, மிளகாய் அயலது, சம்பல் என்னும் பெயரும் அயலது ஆயின், நமக்கு உரியது யாது? பழம்புளியேனும் நம்முடையதன்றோ எனின், புளியமரத்தின் தாயகமும் ஆபிரிக்கா என்பர் தாவரநூலார். அது தொன்மைக் காலத்திலேயே இந்தியாவில் வேரூன்றியமையால், அராபியர் அதனை 'இந்தியப் பேரீச்சு' என்றனர். ஆங்கிலப் பெயரும் அதன்வழிப் பிறந்ததே. ஆகவே உரிமை என்பது பிறப்பிடத்தாற் பெறுவதன்று; பேணும் முறையாற் பெறுவது. எதனை எதற்குப்பின் இடவேண்டும், எந்நாளில் விலக்கவேண்டும், எச்சட்டியில் ஆக்கவேண்டும் என்னும் அறிவே நம் உடைமை.

அவ்வறிவு ஏட்டில் எழுதப்படவில்லை என்பதே கவலைக்குரியது. தாய் மகளுக்கு அடுப்படியிற் காட்டிவந்த கல்வி அது. வீடும் வளவும் நிலைத்திருக்கும்வரை அக்கல்வியும் நிலைத்தது. பச்சிலைப்பள்ளியின் அண்மைக் கால வரலாறோ வேறு. 1990இல் வடக்குப் புகைவண்டிச் சேவை நின்றது. தொண்ணூறுகளில் வன்னிக்கும் யாழ்ப்பாணத்திற்கும் எரிபொருளும் உரமும் செல்வது கட்டுப்படுத்தப்பட்டது. 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து பல்லாயிரவர் இடம்பெயர்ந்தனர். 2000ஆம் ஆண்டில் ஆனையிறவுப் போரும், 2006 முதல் 2009 வரை நிகழ்ந்த இறுதிப் போரும் இப்பகுதியை வெறுமையாக்கின. தென்னைகள் தலையிழந்து நின்றன; முகமாலையைச் சூழ்ந்த நிலம் கண்ணிவெடிகளால் நிறைந்தது. 2014 மார்ச்சிற் பளைவரையும், அவ்வாண்டு அக்டோபரில் யாழ்ப்பாணம்வரையும் புகைவண்டி மீண்டும் ஓடிற்று. மக்களும் மீண்டனர். ஆயினும் பாட்டியும் பேத்தியும் ஒரே அடுப்படியில் இருந்த தொடர்ச்சி பல குடும்பங்களில் அறுந்துபோயிற்று. ஒருவர் இவ்வுலகில் இல்லை, ஒருவர் கனடாவில், ஒருவர் பளையில்.

தென்னங்கன்றை மீண்டும் நடலாம். தண்டவாளத்தை மீண்டும் இடலாம். மறைந்த முதியோரின் கைப்பக்குவத்தை மீட்டல் அரிது. ஆதலின் நம் கல்லூரி மாணவர் விடுமுறைக் காலத்திலே தத்தம் வீட்டு முதியோரை அணுகிச் சில வினாக்களை வினவிக் குறித்துவைத்தல் வேண்டும். உங்கள் சிறுவயதில் வீட்டில் தக்காளி சமைத்ததுண்டா? விலைக்கு வாங்கினீரா, வளவில் விளைந்ததா? எக்கறியில் முதலில் இட்டீர்கள்? திவச நாளிலும் விரத நாளிலும் விலக்கினீர்களா? மண்சட்டியா, வேறு கலமா? முகாமில் இருந்த காலத்தில் தேங்காய் இல்லாதபோது சொதியை எவ்வாறு ஆக்கினீர்கள்? இவற்றின் விடைகள் நூறு வீடுகளிலிருந்து திரட்டப்படுமாயின், எந்த நூலகத்திலும் கிடையாத ஒரு வரலாற்று மூலம் நம் கைக்கு வரும்.

மன்னர் வரலாற்றை எழுதுதற்குச் செப்பேடுகள் உள. அடுக்களை வரலாற்றுக்குள்ள செப்பேடு முதியோர் நினைவு ஒன்றே. அது நாள்தோறும் தேய்ந்து வருதலின், இப்பணியை அடுத்த தலைமுறைக்கென்று ஒத்திவைத்தல் இயலாது. கற்றார் கடன் இதுவாகும்.