ஈ.டி. மட்டும்தான் குற்றவாளியா? அட்டாரி கவிழ்ந்த கதை

வீடியோ கேம் பிரியர்கள் நாலு பேர் ஒன்று சேர்ந்தால் சில சண்டைகள் நிச்சயம். எந்த கன்சோல் பெரியது, எந்த கேமில் இசை சூப்பர், சினிமாவை வைத்து எடுத்த கேம்கள் ஏன் இப்படிச் சொதப்புகின்றன... இந்த மூன்றாவது சண்டையில் கட்டாயம் ஒரு பெயர் அடிபடும். ஈ.டி.!

1982-ல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் எடுத்த ஈ.டி. படம் வசூலில் சக்கைப்போடு போட்டது. அதே ஆண்டு கிறிஸ்துமஸுக்கு அட்டாரி கம்பெனி அதை வீடியோ கேமாக வெளியிட்டது. "உலகத்திலேயே மோசமான கேம்" என்ற பட்டத்தை அது இன்றுவரை சுமக்கிறது. அந்த ஒரு கேம் அட்டாரியைக் கவிழ்த்தது, அமெரிக்காவின் வீடியோ கேம் தொழிலையே படுக்க வைத்தது, விற்காத கேட்ரிட்ஜ்களைப் பாலைவனத்தில் குழி தோண்டிப் புதைத்தார்கள் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் கதை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கு உதைக்கிறது. அந்தக் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

சினிமா, பாட்டு, கேம்: மூன்றுக்கும் ஒரே முதலாளி

அட்டாரியை 1972-ல் நோலன் புஷ்நெலும் டெட் டாப்னியும் ஆரம்பித்தார்கள். பாங் என்ற கேம் அவர்களைப் பிரபலமாக்கியது. 1976-ல் வார்னர் கம்யூனிகேஷன்ஸ் சுமார் 2 கோடியே 80 லட்சம் டாலருக்கு அட்டாரியை வாங்கியது. வார்னர் என்றால் சினிமா கம்பெனி. கூடவே பெரிய இசைத்தட்டுக் கம்பெனியும்கூட. படம் எடுப்பவர்கள், பாட்டு வெளியிடுபவர்கள், கேம் செய்பவர்கள் எல்லோரும் ஒரே குடையின் கீழ் வந்தார்கள். இந்த விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

1977-ல் அட்டாரி 2600 கன்சோல் கடைக்கு வந்தது. டிவியோடு இணைத்து, கேட்ரிட்ஜை மாற்றி மாற்றி விளையாடலாம். 1980-ல் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் வீட்டுக்கே வந்தவுடன் விற்பனை எகிறியது. அந்த ஒரு கேமை விளையாடுவதற்காகவே கன்சோல் வாங்கியவர்கள் ஏராளம். 1982 வாக்கில் வார்னர் குழுமத்தின் லாபத்தில் பாதிக்கு மேல் அட்டாரியிலிருந்தே வந்தது.

இவ்வளவு பணம் கொட்டிய அந்தக் கேம்களை யார் செய்தார்கள்?

பெரும்பாலும் ஒரு கேமுக்கு ஒரே ஆள்தான். கதை, படம், சத்தம், ப்ரோகிராம் எல்லாம் அவரே. அந்த கன்சோலில் இருந்த ரேம் வெறும் 128 பைட்! இந்தப் பத்தியில் உள்ள எழுத்துகளைக்கூட அதில் அடக்க முடியாது. அதற்குள் விண்கலமும் எதிரிகளும் ஸ்கோரும் ஓட வேண்டும். ஆனால் பெட்டியில் அவர் பெயர் இருக்காது. எத்தனை லட்சம் கேட்ரிட்ஜ் விற்றாலும் அவருக்கு மாதச் சம்பளம்தான்.

ஒரு சின்ன மெமோ

அட்டாரியின் தலைவராக இருந்த ரே கசார், பர்லிங்டன் என்ற பெரிய ஜவுளிக் கம்பெனியிலிருந்து வந்தவர். விற்பனை தெரிந்தவர். அவர் காலத்தில்தான் அட்டாரி அசுர வளர்ச்சி கண்டது, அதை மறுக்க முடியாது.

1979-ல் எந்தக் கேட்ரிட்ஜ் எவ்வளவு விற்றது என்று ஒரு மெமோ உள்ளே சுற்றுக்கு வந்தது. டேவிட் கிரேன், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட், லேரி கப்லான் என்ற நான்கு ப்ரோகிராமர்கள் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார்கள். கேட்ரிட்ஜ் விற்பனையில் பாதிக்கு மேல் தாங்கள் நால்வரும் செய்த கேம்கள்! கோடிக்கணக்கான டாலர். கையில் வருவதோ சாதாரண சம்பளம்.

நால்வரும் போய்க் கேட்டது பெரிய விஷயமில்லை. இசைத்தட்டில் பாடகர் பெயர் இருக்கிறது, விற்பனைக்கு ராயல்டி கிடைக்கிறது. எங்களுக்கும் அதுபோல ஏதாவது செய்யுங்கள் என்றார்கள். வார்னரின் இன்னொரு கிளையில் அன்றாடம் நடக்கும் நடைமுறைதான் அது. கிரேன் பின்னாளில் சொன்னபடி கிடைத்த பதில் இதுதான்: கேட்ரிட்ஜை அசெம்பிளி லைனில் பூட்டுகிறவரைவிட நீங்கள் முக்கியமானவர்கள் இல்லை.

பூட்டுகிறவர் உழைப்பும் உழைப்புதான். ஆனால் கசார் சொன்னது அவரை உயர்த்துவதற்காக அல்ல. நீங்கள் போனால் இன்னொருவர் வருவார் என்பதுதான் அதன் அர்த்தம்.

நால்வரும் போய்விட்டார்கள். இசைத்தட்டுத் தொழிலில் அனுபவம் உள்ள ஜிம் லெவியோடு சேர்ந்து 1979-ல் ஆக்டிவிஷன் என்ற கம்பெனியை ஆரம்பித்தார்கள். கன்சோல் செய்யாமல், அடுத்தவர் கன்சோலுக்குக் கேம் மட்டும் செய்த முதல் கம்பெனி அதுதான். கேமோடு வரும் கையேட்டில் செய்தவரின் பெயரும் படமும் அச்சானது. கிரேன் செய்த பிட்ஃபால் 1982-ல் வந்து 40 லட்சத்துக்கு மேல் விற்றது.

அட்டாரி வழக்குப் போட்டது. 1982-ல் சமரசமாக முடிந்து, ஆக்டிவிஷன் ராயல்டி கட்டிவிட்டுத் தொடர்ந்து கேம் செய்யலாம் என்றானது. கதவு திறந்துவிட்டது.

இன்னொரு ப்ரோகிராமர் ராப் ஃபுலாப். அவர் செய்த மிஸைல் கமாண்ட் கேட்ரிட்ஜ் இருபது லட்சத்துக்கு மேல் விற்றது. அதற்குப் போனஸாகத் தனக்கு ஒரு வான்கோழி வாங்கிக்கொள்ளும் கூப்பன் கிடைத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அவரும் வெளியேறி இமேஜிக் என்ற கம்பெனியில் சேர்ந்தார். ஆட்கள் கிளம்பத் தொடங்கிய பிறகுதான் அட்டாரி விற்பனைக்கு ஏற்ற போனஸ் கொண்டுவந்தது. அதற்குள் நல்ல கைகள் பல வெளியே போய்விட்டன.

வெள்ளம்

ஆக்டிவிஷன் சம்பாதிப்பதைப் பார்த்ததும் ஆளாளுக்கு இறங்கினார்கள். ஓட்ஸ் விற்கும் க்வேக்கர் கம்பெனிக்கு ஒரு கேம் பிரிவு. 20த் செஞ்சுரி ஃபாக்ஸ் சினிமா கம்பெனிக்கு ஒரு கேம் பிரிவு. ஜர்னி என்ற ராக் இசைக்குழுவை வைத்துக்கூட ஒரு கேம் வந்தது. நாய்த்தீனி விளம்பரத்துக்காக ஒரு கேம்! 128 பைட்டுக்குள் வித்தை காட்டக் கற்ற ப்ரோகிராமர்கள் கொஞ்சம் பேர்தான். கேம் வெளியிட ஆசைப்பட்ட கம்பெனிகளோ ஏராளம். விளைவு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்து கணக்குப் பக்கம். முந்தைய வருடங்களில் சரக்குத் தட்டுப்பாடு இருந்ததால், 1982-க்கு வேண்டிய ஆர்டரை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள் என்று விநியோகஸ்தர்களிடம் அட்டாரி 1981-லேயே கேட்டது. எப்படியும் கேட்டதில் பாதிதான் வரும் என்று நினைத்து அவர்கள் அதிகமாக எழுதிக் கொடுத்தார்கள். அட்டாரி அந்த எண்களை உண்மையான தேவை என்று நம்பி உற்பத்தி செய்தது. கடைக்கு அனுப்பியது வேறு, கடையில் விற்றது வேறு. 1982-ல் ஆர்டர்கள் ரத்தாகவும் சரக்கு திரும்பவும் ஆரம்பித்தபோதுதான் அந்த வித்தியாசம் தெரிந்தது.

1982 மார்ச்சில் வந்த பேக்-மேன் 70 லட்சத்துக்கு மேல் விற்றது. அப்படியும் சரக்கு மிஞ்சியது. அதோடு, ஆர்கேடில் பார்த்த பேக்-மேன் மாதிரி அது இல்லவே இல்லை. பேய்கள் மினுக் மினுக்கென்று மறைந்து மறைந்து வந்தன. அட்டாரி பெயரைப் பார்த்து நம்பி வாங்கியவர்களுக்கு முதல் அடி அதுதான்.

ஐந்து வாரம்

இப்போது ஈ.டி.க்கு வரலாம். அதைச் செய்தவர் ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா. சாதாரண ஆள் இல்லை. அவர் செய்த யார்ஸ் ரிவெஞ்ச், அட்டாரியின் சிறந்த கேம்களில் ஒன்று. ஸ்பீல்பெர்க்கின் ரெய்டர்ஸ் ஆஃப் த லாஸ்ட் ஆர்க் படத்தைக் கேமாக மாற்றியவரும் அவர்தான். அது பிடித்துப்போய்தான் ஸ்பீல்பெர்க் ஈ.டி.க்கும் அவரையே விரும்பினார்.

ஈ.டி. உரிமைக்கு 2 கோடி டாலருக்கு மேல் கைமாறியதாகச் சொல்லப்படுகிறது. பேச்சுவார்த்தை முடிந்தபோது 1982 ஜூலை கடைசி. கிறிஸ்துமஸுக்குக் கடையில் இருக்க வேண்டுமென்றால் செப்டம்பர் முதல் தேதிக்குள் கேம் தயாராக வேண்டும். அதாவது ஐந்தே வாரம். ஒரு கேமுக்கு ஆறு மாதம், ஏழு மாதம் என்று எடுத்துக்கொண்ட காலம் அது. வார்ஷா வீட்டிலும் ஒரு மெஷினை வைத்துக்கொண்டு ராப்பகலாக வேலை செய்து சொன்ன தேதிக்கு முடித்தார்.

கேமில் ஈ.டி. அடிக்கடி குழியில் விழும். மேலே ஏறினால் மறுபடியும் விழும். பிள்ளைகள் எரிச்சலானார்கள். சுமார் 40 லட்சம் கேட்ரிட்ஜ் தயாரித்ததில் 15 லட்சம் போல விற்றது. சாதாரணக் காலத்தில் இது ஹிட்! ஆனால் அந்தச் செலவுக்கும் அந்த உற்பத்திக்கும் நஷ்டம்.

இங்கே தேதியைக் கவனிக்க வேண்டும். 1982 டிசம்பர் 7-ம் தேதி, லாபம் எதிர்பார்த்த அளவு வளராது என்று வார்னர் அறிவித்தது. 50 சதவீதம் வளரும் என்று நம்பியிருந்த இடத்தில் 10 முதல் 15 சதவீதம்தான். அடுத்த நாளே ஷேர் விலை சுமார் மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. ஈ.டி. கடைக்கு வந்தே அப்போது அதிக நாள் ஆகவில்லை. பிள்ளைகள் அதைக் குறை சொல்வதற்கு முன்பே கம்பெனியின் கணக்கு கெட்டுவிட்டது!

1983-ல் அட்டாரியின் நஷ்டம் 50 கோடி டாலரைத் தாண்டியது. சின்னக் கம்பெனிகள் திவாலாகி, திரும்பி வந்த சரக்குக்குப் பணம் கொடுக்க முடியாமல் நின்றன. கடைக்காரர்கள் 30 டாலர் கேமை 5 டாலருக்குத் தள்ளிவிட்டார்கள். பக்கத்திலேயே 5 டாலருக்குக் கேம் இருக்கும்போது நல்ல புது கேமையும் யாரும் முழு விலைக்கு வாங்கவில்லை. 1984-ல் வார்னர், அட்டாரியின் வீட்டு கன்சோல், கம்ப்யூட்டர் பிரிவை ஜாக் ட்ரமியெலிடம் விற்றுவிட்டுக் கையைக் கழுவியது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போனது.

குழிக்குள் என்ன இருந்தது?

1983 செப்டம்பரில் நியூ மெக்ஸிகோவில் உள்ள அலமகார்டோ என்ற ஊரின் குப்பைக் கிடங்கில் அட்டாரி லாரி லாரியாகச் சரக்கைக் கொட்டி, மேலே கான்கிரீட் ஊற்றியது. முழுக்க ஈ.டி. என்றுதான் ஊர் பேசியது. 2014 ஏப்ரலில் ஒரு ஆவணப்படத்துக்காக அந்த இடத்தைத் தோண்டினார்கள். வார்ஷாவும் போய் நின்றார்.

ஈ.டி. கிடைத்தது. ஆனால் வெளியே எடுத்த சுமார் 1300 கேட்ரிட்ஜ்களில் அது ஒரு சிறு பகுதிதான். கூடவே சென்டிபீட், மிஸைல் கமாண்ட், ஸ்பேஸ் இன்வேடர்ஸ்! எல்லாம் கொண்டாடப்பட்ட கேம்கள். வார்ஷாவின் யார்ஸ் ரிவெஞ்ச்கூட அந்தக் குழியில்தான் இருந்தது. கெட்ட கேமை மட்டும் புதைக்கவில்லை. விற்காத எல்லாவற்றையும் புதைத்திருக்கிறார்கள். முப்பது வருடம் பழி மட்டும் ஒரே ஆள் தலையில் விழுந்தது. கேம் ஓடினால் பெயர் போட மறுத்த தொழில், ஓடாதபோது ஒரு பெயரைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டது.

அதன் பிறகு

1985-ல் ஜப்பானின் நின்டெண்டோ நியூயார்க்கில் தன் கன்சோலை விற்க வந்தபோது கடைக்காரர்கள் வீடியோ கேம் என்ற வார்த்தையைக் கேட்கவே தயாராக இல்லை. சரக்கை நாங்களே அடுக்குகிறோம், 90 நாள் கழித்து விற்றதற்கு மட்டும் பணம் கொடுங்கள், மிச்சத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று நின்டெண்டோ இறங்கி வந்தது. மறுபக்கம், அனுமதியில்லாத கேட்ரிட்ஜ் ஓடாதபடி ஒரு சிப்பை வைத்தது. வெளிக் கம்பெனிகளுக்கு வருடத்துக்கு ஐந்து கேம்தான் என்று வரம்பும் போட்டது. வெள்ளம் மறுபடி வராமல் அணை கட்டியாகிவிட்டது.

நம் ஊரில் 90-களில் டிவி கேம் என்று வாங்கி மரியோவும் கான்ட்ராவும் விளையாடிய பலரிடம் இருந்தது இந்த நின்டெண்டோ கன்சோலின் நகல்தான்.

ஆனால் பெயர்ப் பிரச்சினை அதோடு தீரவில்லை. நின்டெண்டோ காலத்திலும் பல ஜப்பானியக் கேம்களின் கடைசியில் செய்தவர்களின் நிஜப் பெயர் வராது, புனைபெயர்தான் வரும். திறமையானவர்களைப் போட்டிக் கம்பெனி கொத்திக்கொண்டு போய்விடக் கூடாதாம்! அட்டாரியிலிருந்து கற்ற பாடம் சரக்கு விஷயத்தில் மட்டும்தான்.

அட்டாரியிலேயே வாரன் ராபினெட் என்றொருவர் இருந்தார். பெயர் போட மாட்டார்கள் என்று தெரிந்து, அட்வென்சர் என்ற தன் கேமில் ஒரு ரகசிய அறையைக் கட்டி அதற்குள் தன் பெயரை எழுதி ஒளித்து வைத்தார். ஒரு புள்ளி அளவே உள்ள பொருளைக் கண்டுபிடித்துக் கொண்டுபோனால்தான் அந்த அறைக்குள் நுழைய முடியும். கம்பெனிக்குத் தெரிய வந்தபோது அவர் வேலையை விட்டே போயிருந்தார். ஸ்பீல்பெர்க் 2018-ல் எடுத்த ரெடி ப்ளேயர் ஒன் படத்தின் உச்சக்கட்டமே அந்த அறையைக் கண்டுபிடிப்பதுதான். ராபினெட்டின் பெயர் பெரிய திரையிலேயே வந்துவிட்டது.

வார்ஷா பின்னாளில் மனநல ஆலோசகராகி சிலிக்கான் வேலியில் தொழில்நுட்ப வேலைக்காரர்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலைக்குப் போனார். ஐந்து வாரக் கெடுவின் அழுத்தம் என்னவென்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அடுத்த முறை ஒரு கேமை முடிக்கும்போது, கடைசியில் ஓடும் பெயர்களை ஸ்கிப் பண்ணாமல் ஒரு தடவை பாருங்கள்.