ஆறு பேருக்கு இடமளித்த பார ஊர்தி

இலங்கையில் நம்மவர் ‘டபிள் கெப்’ என்றழைக்கும் வாகனத்தைப் புதிதாக வாங்க எண்ணுவோர், அதன் ஜேர்மனிய முன்னோடியின் கதையையும் அறிந்திருத்தல் நன்று.

வொக்ஸ்வாகன் நிறுவனம் 1950 மார்ச்சில் ட்ரான்ஸ்போர்ட்டர் வாகன உற்பத்தியைத் தொடங்கியது. 1952இல் அதன் திறந்த தட்டு வகை வெளிவந்தது. முன்னிருக்கையில் மூவர் அமரலாம், எஞ்சியதெல்லாம் சுமைக்கே. ஆனால், போரில் இடிந்த நகரங்களை மீளக் கட்டிக்கொண்டிருந்த கட்டட ஒப்பந்தகாரர்கள் சீமெந்தோடு வேலையாட்களையும் ஏற்றிச்செல்ல வேண்டியிருந்தது. லோர்ஹ் என்னும் ஊரிலிருந்த பின்ஸ் நிறுவனம் அவ்வூர்தியில் இரண்டாம் இருக்கை வரிசையை அமைத்துக் கொடுத்தது. பின்னர், 1958இல், வொக்ஸ்வாகன் தானே ஹனோவர் தொழிற்சாலையில் அதனைச் செய்யத் தொடங்கிற்று.

ஆறு பேருக்கு இடம் கிடைத்தது. ஊர்தியின் நீளமோ கூடவில்லை, சுமைத்தட்டே குறுகிற்று. பின்னிருக்கைக்கு வலப்புறம் ஒரே கதவு. இருக்கையின் அடியில் கருவிகள் வைக்க இடம். ஆளா, சுமையா என்ற வாங்குவோரின் கணக்கு அன்று தொட்டு இன்றுவரை மாறவில்லை. (நாள்தோறும் தனியே செல்பவர் பெருமைக்காகப் பின்னிருக்கைக்குப் பணம் கொடுப்பதும் உண்டு!)

2010இல் வெளிவந்த அமரொக், முதலில் டபிள் கெப்பாகவே விற்பனைக்கு வந்தது. ஆர்ஜென்ரீனாவில் செய்யப்பட்ட அது, 2012 முதல் 2020 வரை அதே ஹனோவரிலும் உருவாகியது. 2022இல் அறிமுகமான அடுத்த அமரொக்கோ ஃபோர்ட் ரேஞ்சரின் உடன்பிறப்பு. ஜேர்மனியில் அதனை வாங்குவோருக்கு, தென்னாபிரிக்காவின் சில்வர்ட்டனிலுள்ள ஃபோர்ட் தொழிற்சாலையிலிருந்து, வொக்ஸ்வாகன் சின்னம் தாங்கி அது வந்துசேருகிறது.