மறதியை அளந்த முறை

நினைவு என்னும் கண்ணுக்குப் புலப்படாத ஒன்றையும் எண்ணால் அளக்கலாம் என்று நிறுவிய பெருமை ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எப்பிங்ஹாஸ் 1885இல் வெளியிட்ட நூலுக்கு உரியது. அச்சோதனையில் ஆய்வாளரும் அவரே. ஆய்வுக்கு உட்பட்ட ஒரே மனிதரும் அவரே.

பழகிய சொற்கள் பழைய நினைவுகளைத் துணைக்கழைக்கும் என்பதால், பொருளற்ற அசைகள் ஏறத்தாழ 2300ஐ உருவாக்கி, வரிசை வரிசையாக மனனம் செய்தார். பின்னர் அதே வரிசையை மீண்டும் கற்கையில் எவ்வளவு நேரம் மிச்சமாகிறது எனக் கணக்கிட்டார். ஒரு மணி நேரம் கழித்து மிச்சம் 44 விழுக்காடு. ஒரு நாள் கழித்து 34. 31 நாள்கள் கழித்தும் 21. முற்றிலும் மறந்துவிட்டதாக நாம் கருதுவதிலும் ஏதோ எஞ்சியிருக்கிறது என்பதை, வெறும் வினாவிடையால் இயலாத அளவுக்கு இம்முறை துலக்கியது. 2015இல் ஆம்ஸ்டர்டாமில் இதனை மீண்டும் செய்தபோதும் ஏறத்தாழ இதே வளைகோடே கிடைத்தது. அங்கும் மனனம் செய்தவர் ஒருவரே!

ஆயினும், மனிதர் பொருளற்ற அசைகளையா நினைவில் ஏந்துகின்றனர்? எப்பிங்ஹாஸ் இதனை அறியாதவரல்லர். பைரனின் ‘டான் ஜுவான்’ காவிய அடிகளை மனனம் செய்து பார்த்தார். உழைப்பு பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. தம் முறை எதனை விலக்கியதோ, அதன் வலிமையை அவரே அளந்துவிட்டார் எனலாம்.

விலக்கப்பட்டதைக் கையிலெடுத்தவர் கேம்பிரிட்ஜின் பார்ட்லெட். வட அமெரிக்கப் பழங்குடிக் கதையொன்றைப் படித்தவர்கள் அதைத் திருப்பிச் சொல்கையில், தமக்குப் பழகிய உலகுக்கேற்ப மாற்றினர் என 1932இல் காட்டினார். ஆனால் கால இடைவெளியை அவர் வரையறுக்கவில்லை, வாய்த்தபோது கேட்டார். இடைவெளிகளை வரையறுத்து அச்சோதனை மீண்டும் நடத்தப்பட்டு, சிதைவு காலத்தோடு கூடுகிறது என்பது உறுதிப்பட 1999 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.