28 இன்ச்னா எத்தனை இன்ச்? ஒரு சைக்கிள் டியூபோட வரலாறு

இந்த எபிசோட் ஒரு அவமானத்துல இருந்து ஆரம்பிக்குது.

ஆரணியில எங்க வீட்டுத் திண்ணையில அப்பாவோட சைக்கிள் நிக்குது. கறுப்பு, உயரமான பழைய மாடல். எனக்கு முன்னாடியே வீட்டுக்கு வந்தது. நான் குரங்குப் பெடல் போட்டுக் கத்துக்கிட்டது அதுலதான். ரெண்டு வருஷமா பின் டயர் வெடிச்சு, காத்து இல்லாம நின்னுச்சு. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப, "நான் சரி பண்றேம்பா"ன்னு சொல்லிட்டேன். சைக்கிள் சரி பண்ற வீடியோ ஒரு இருபதாவது பார்த்திருப்பேன். (கிட்டார் கத்துக்கிற வீடியோவும் இருபது பார்த்தேன். இன்னிக்கு வரைக்கும் மூணு கார்டுதான் வரும். அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும்.)

ஆன்லைன்ல 28 இன்ச் டயர், டியூப், நல்ல ஸ்டாண்டு பம்ப் ஒண்ணு, மூணும் ஆர்டர் பண்ணினேன். சைக்கிள்லயும் 28னு எழுதியிருந்தது, டயர்லயும் 28னு எழுதியிருந்தது. டயர் ரிம்முக்குள்ள ஏறவே இல்ல. ஸ்பூனை வெச்சு நெம்பினேன், ஸ்பூன் வளைஞ்சதுதான் மிச்சம். சரி, முன் சக்கரத்துக்காவது காத்து அடிப்போம்னு பம்பை எடுத்தா, அது வால்வுல உட்காரவே மாட்டேங்குது. அப்பா ஈஸி சேர்ல உட்கார்ந்து பேப்பர் படிச்சுக்கிட்டே, "எஞ்சினியரிங் நாலு வருஷம்ல?"ன்னு கேட்டார். அவ்வளவுதான்.

சென்னைக்குத் திரும்புற பஸ்ல இது ஏன் இப்படின்னு தேட ஆரம்பிச்சேன். தேடினது பெல்ஃபாஸ்ட், பாரிஸ், காங்கோ, கடைசியில பினாங்கு வரைக்கும் போச்சு.

முதல்ல காத்து. சைக்கிள் சக்கரத்துல காத்து வர்றதுக்கு முன்னாடி இருந்தது கெட்டி ரப்பர். கல்லு பாவின ரோட்டுல ஓட்டினா பல்லு கழண்டுடும். பெல்ஃபாஸ்ட்ல ஜான் பாய்ட் டன்லப்னு ஒரு கால்நடை டாக்டர் இருந்தார், ஸ்காட்லாந்துக்காரர். அவரோட சின்னப் பையன் மூணு சக்கர சைக்கிள் ஓட்டுவான். பையனுக்காக ரப்பர் ஷீட்டை ஒட்டிக் குழாயாக்கி, மேல துணி சுத்தி, ஃபுட்பால் பம்பால காத்து அடிச்சு, மரச் சக்கரத்துல கட்டினார். 1888ல பேட்டன்ட் வாங்கினார். அடுத்த வருஷம் வில்லி ஹியூம்னு ஒரு ரேஸ்காரர் இந்த டயரைப் போட்டுக்கிட்டு பெல்ஃபாஸ்ட் போட்டிகள்ல ஜெயிச்சார். டயரைப் பார்த்து முதல்ல சிரிச்ச கூட்டம் அதுக்கப்புறம் சிரிக்கல.

இங்க ஒரு ட்விஸ்ட். ராபர்ட் வில்லியம் தாம்சன்னு இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர், 1845லயே இதே யோசனைக்கு பேட்டன்ட் வாங்கி வெச்சிருந்தார். அப்ப பெடல் போட்ட சைக்கிளே கிடையாது. குதிரை வண்டிக்காக யோசிச்சார், லண்டன்ல ஓட்டியும் காட்டினார், ஆனா யாரும் வாங்கல. நாற்பது வருஷம் கழிச்சு அந்தப் பழைய காகிதம் வெளிய வந்து, டன்லப்போட பேட்டன்ட் செல்லாமப் போயிடுச்சு. யாரும் யூஸ் பண்ணாத பழைய கோடு ஒண்ணு ரெப்போல தூங்கிக்கிட்டு இருந்து, ரிலீஸ் அன்னிக்கு முழிச்சுக்கிட்ட மாதிரி. டன்லப் பேர்ல இருந்த கம்பெனி ரிம், டயர் மாட்டுற முறைன்னு மத்தவங்க பேட்டன்ட்களை வாங்கித்தான் பிழைச்சது. 1896ல அந்தக் கம்பெனி முப்பது லட்சம் பவுண்டுக்குக் கைமாறினப்ப டன்லப் ஏற்கெனவே விலகியிருந்தார். பேர் மட்டும் டயர்ல தங்கிடுச்சு.

சரி, காத்து வந்தாச்சு. காத்து வந்தா பஞ்சர் வரும்ல?

டன்லப்போட முதல் டயர் ரிம்மோட ஒட்டியிருக்கும். பஞ்சரானா பிரிக்கிறதே பெரிய வேலை. 1889ல பிரான்ஸ்ல க்ளெர்மோன்-ஃபெரான்ங்கிற ஊர்ல ஒரு ரப்பர் பட்டறைக்கு, ஒரு இங்கிலீஷ்காரர் பஞ்சரான டயரோட வந்தார். பிரிச்சு ஒட்ட மூணு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, ராத்திரி முழுக்க காய வெச்சாங்க. மறுநாள் பட்டறை முதலாளிகள்ல ஒருத்தர் ஏறி ஓட்டிப் பார்த்தார். கொஞ்ச தூரத்துலயே மறுபடி போயிடுச்சு. அவர் பேர் எதுவார் மிஷெலின். நாம மிச்செலின்னு சொல்ற அதே கம்பெனி. காத்துதான் எதிர்காலம், ஆனா கழட்ட வரணும்னு முடிவு பண்ணி, 1891ல கழட்டி மாட்டுற டயரைக் கொண்டு வந்தாங்க.

அதே செப்டம்பர்ல பாரிஸ்ல இருந்து பிரெஸ்ட் போய்த் திரும்புற ரேஸ். ஏறக்குறைய 1200 கிலோமீட்டர். ஷார்ல் தெரோன் மிஷெலின் டயர்ல 71 மணி நேரம் 22 நிமிஷத்துல, தூங்காம ஓட்டி ஜெயிச்சார். வழியில பஞ்சர் ஆகாம இல்ல. ஆனாலும் ரெண்டாவது வந்தவர் பல மணி நேரம் பின்னாடி. எனக்கு இதைவிடப் பிடிச்சது அடுத்த வருஷக் கதை: மிஷெலின் தானே ஒரு ரேஸ் நடத்தி, தன் டயரை எவ்வளவு சீக்கிரம் சரி பண்ணலாம்னு காட்ட ரோட்டுல ஆணி போட்டு வெச்சது! நம்ம ஊர்ல பஞ்சர் கடைக்காரங்க மேல ஒரு பழி சொல்வாங்கல்ல, கடைக்கு நூறடி முன்னாடி ஆணி கிடக்கும்னு. அதை விளம்பரமாவே பண்ணின கம்பெனி இது.

இப்ப என் பம்ப் பிரச்சினை. உலகத்துல சைக்கிள் டியூப் வால்வு முக்கியமா மூணு வகை. மூணுமே 1890கள்ல, சில வருஷ இடைவெளியில வந்தது, ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகாம. நியூயார்க்ல நீர்மூழ்கிகளுக்கு ஹெல்மெட் செஞ்சுக்கிட்டிருந்த ஷ்ரேடர் கம்பெனி, ஸ்பிரிங் வெச்ச வால்வுக்கு 1893ல பேட்டன்ட் வாங்குச்சு. இன்னிக்கு உங்க பைக், கார், கியர் சைக்கிள் எல்லாத்துலயும் அதுதான். பெட்ரோல் பங்க் குழாய் உட்கார்றதும் அதுலதான். பிரெஞ்சுக்காரங்க ஒல்லியா, உச்சியில திருகு வெச்ச ஒரு வால்வு செஞ்சாங்க, அதுக்கு பிரெஸ்டான்னு பேரு. துளை சின்னது, அதனால ரேஸ் சைக்கிளோட மெல்லிசான ரிம் பலவீனமாகாது.

மூணாவது இங்கிலாந்துல வந்த வுட்ஸ் வால்வு. டன்லப் வால்வுன்னும் சொல்வாங்க. அப்பா சைக்கிள்ல இருக்கிறது இதுதான். ஒரு சின்னப் பித்தளைக் குச்சி, பக்கவாட்டுல ஒரு துளை, அதுமேல ரெண்டு சென்டிமீட்டருக்கு ஒரு ரப்பர் உறை. அவ்வளவுதான் டிசைன். காத்து அடிச்சா ரப்பரைத் தள்ளிக்கிட்டு உள்ள போகும், நிறுத்தினா உள்ள இருக்கிற காத்தே ரப்பரை அமுக்கி மூடிக்கும். ஸ்பிரிங் இல்ல, ஊசி இல்ல. அந்த ரப்பர் உறைதான் நம்ம "வால் டியூப்". சின்ன வயசுல எனக்கு அது சைக்கிளோட வால்னு நினைப்பு. அது வால் இல்ல, வால்வு!

அமெரிக்கா, ஐரோப்பாவுல ரேஸ் ஓட்டுறவங்க இந்த வால்வைப் பழங்காலத்துச் சாமான்னு பார்ப்பாங்க. அழுத்தம் துல்லியமா அளக்க வராது, அது உண்மைதான். ஆனா கிராமத்து ரோட்டுல, பஸ் போகாத இடத்துல, வால்வு கெட்டுப் போனா எதை மாத்தணும்? சில்லறைக் காசுக்கு ஒரு ரப்பர் துண்டு. பையில வெச்சுக்கலாம். ஒரு எஞ்சினியரா சொல்றேன், இதைவிட நல்ல டிசைன் நான் அதிகம் பார்த்ததில்ல. இன்னொண்ணு, யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்: பிரெஸ்டாவுக்கான பம்ப் தலை வுட்ஸ் வால்வுக்கும் பொருந்தும். என் பம்புல ரெண்டு துளை இருந்தது. நான் பெரிய துளையிலயே அரை மணி நேரம் போராடியிருக்கேன்.

டயர் ஏறாததுக்குக் காரணம் இன்னும் பழசு. டயர்ல எழுதியிருக்கிற 28 இன்ச் ரிம்மோட அளவு இல்ல, அந்தக் காலத்து டயரோட வெளி விட்டம், அதுவும் உத்தேசமா. டயர் பருமனானா, மொத்த உயரம் மாறாம இருக்க ரிம்மைச் சின்னதாக்கினாங்க. பிரெஞ்சுக்காரங்க 700ஏ, பி, சின்னு பேர் வெச்சாங்க. அப்புறம் டயர் பருமன் மாறுச்சு, ரிம் அப்படியே நின்னுச்சு, பழைய பேரும் அப்படியே ஒட்டிக்கிச்சு. விளைவு என்னன்னா, அப்பா சைக்கிள்ல 28 × 1½, அதாவது ரிம்முல டயர் உட்கார்ற இடத்துல 635 மில்லிமீட்டர். எனக்கு வந்த 28 இன்ச் டயர் 622. மவுண்டன் பைக்ல 29 இன்ச்னு பெருமையா விக்கிறாங்களே, அதுவும் அதே 622. அப்படின்னா நம்ம தாத்தா காலத்து 28, இன்னிக்கு 29ஐ விடப் பெருசு. 26 இன்ச்ல இன்னும் மோசம்: 559, 571, 584, 590ன்னு நாலு வேற வேற அளவுக்கும் அதே பேர்.

இந்தக் குழப்பத்தைத் தெளிவா அட்டவணை போட்டுக் காட்டினவர் ஷெல்டன் பிரவுன்னு ஒரு அமெரிக்க மெக்கானிக். பாஸ்டன் பக்கத்துல ஒரு சைக்கிள் கடையில வேலை பார்த்துக்கிட்டே, 1990கள்ல இருந்து தனக்குத் தெரிஞ்சதெல்லாம் இலவசமா வெப்சைட்ல எழுதினார். 2008ல இறந்துட்டார், தளம் இன்னும் இருக்கு. இன்னிக்கு நாம பார்க்கிற வீடியோக்கள்ல பாதிப் பேர் அவர் எழுதினதைத்தான் கேமரா முன்னாடி சொல்றாங்க. நீங்க டயர் வாங்கினா இன்ச்சைப் பார்க்காதீங்க. பக்கவாட்டுல 40-635 மாதிரி சின்னதா ஒரு நம்பர் இருக்கும். ரெண்டாவது மூணு இலக்கம் ஒத்துப் போகணும். அவ்வளவுதான்.

இங்கயே எபிசோடை முடிச்சிருக்கலாம். ஆனா ரப்பர் எங்கிருந்து வந்ததுன்னு தேடினேன். அப்புறம் ரெண்டு நாள் வேற எதுவும் படிக்கத் தோணல.

1890கள்ல ஐரோப்பாவுலயும் அமெரிக்காவுலயும் சைக்கிள் பைத்தியம் பிடிச்சுது. எல்லாருக்கும் டயர் வேணும், டியூப் வேணும். ரப்பர் மரம் நட்டா பால் வர ஆறேழு வருஷமாவது ஆகும். காத்திருக்க முடியாது. காங்கோ காட்டுல ரப்பர் கொடி தானா வளரும். அந்த நாடு அப்ப பெல்ஜியம் ராஜா ரெண்டாம் லியோபோல்டோட சொந்தச் சொத்து மாதிரி இருந்தது. கிராமத்துக்கு இவ்வளவு ரப்பர்னு கோட்டா போட்டாங்க. ஆம்பளைங்க காட்டுக்குப் போகணும், அவங்க திரும்பி வர்ற வரைக்கும் பொம்பளைங்களைப் பிணையா அடைச்சு வெச்சாங்க. கோட்டா குறைஞ்ச ஊர்களைச் சுட்டாங்க, எரிச்சாங்க. சுட்ட தோட்டாவுக்குக் கணக்குக் காட்ட சிப்பாய்கள் கையை வெட்டிக் கூடையில கொண்டு வந்தாங்க. 1904ல ரோஜர் கேஸ்மென்ட்டோட அறிக்கை வெளியானதும் உலகம் அதிர்ந்துச்சு. 1908லதான் அந்த ஆட்சி ராஜா கையை விட்டுப் போச்சு. பாரிஸ் பூங்காவுல ஞாயித்துக்கிழமை சைக்கிள் விட்டவங்களுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்க வாய்ப்பு கம்மி. நாம டெலிவரி ஆப்ல பொருள் வர்றதைப் பார்க்கிற மாதிரிதான் அவங்களும் பார்த்திருப்பாங்க.

அதே சமயம் இன்னொரு பாதையும் போட்டிருந்தாங்க. 1876ல ஹென்றி விக்கம்னு ஒரு இங்கிலீஷ்காரர் பிரேசில்ல இருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனார். முளைச்ச செடிகள் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் போச்சு. 20ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல, இப்ப காருக்கும் டயர் தேவைப்பட்டப்ப, மலாயா முழுக்க ரப்பர் எஸ்டேட். வேலைக்கு யார்? கங்காணிகள் நம்ம ஊருக்கு வந்தாங்க. திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆற்காடு. நாகப்பட்டினத்துலயும் சென்னையிலயும் கப்பல் ஏத்தி பினாங்குல இறக்கினாங்க. விடியறதுக்கு முன்னாடி, இருட்டுல, பட்டையைச் சீவி பால் எடுக்கணும். வெயில் ஏறினா பால் நின்னுடும். மலேசியத் தமிழ்ல இதுக்கு "பால்மரம் வெட்டுறது"ன்னு பேரு. எஸ்டேட் லயத்துல பிறந்து, அங்கேயே பால்மரம் வெட்டி, அங்கேயே செத்த தலைமுறைகள் உண்டு. 1938ல இந்திய அரசு இந்த ஆள் எடுப்புக்குத் தடை போட்டுச்சு.

எங்க ஆரணி அப்ப வட ஆற்காடுதான். அப்பாகிட்ட போன்ல கேட்டேன். "தாத்தாவோட சித்தப்பா ஒருத்தர் பினாங்கு போனார்னு சொல்வாங்க. காயிதம் வந்துக்கிட்டு இருந்துச்சு, அப்புறம் நின்னுடுச்சு"ன்னார். பேர் கேட்டேன். அவருக்கு ஞாபகம் வரல. வீட்ல பெரியவங்க யாரும் இப்ப இல்ல. உங்க வீட்ல இருந்தா, இன்னிக்கே கேட்டு வெச்சுக்குங்க, பேரையாவது.

சைக்கிளா? போன மாசம் மறுபடி ஊருக்குப் போனேன். வீடியோ எதுவும் பார்க்காம, பஸ் ஸ்டாண்டு பக்கம் பாய் கடைக்குத் தள்ளிக்கிட்டுப் போனேன். இப்ப அவர் பைக் டயர்தான் பார்க்கிறார், சைக்கிள் எப்பவாவது. ரிம்மை ஒரு பார்வை பார்த்துட்டு, "தம்பி, இது ஒண்ணரை"ன்னார். இன்ச் கேட்கல, மில்லிமீட்டர் கேட்கல. உள்ள போய் தூசி படிஞ்ச டயர் ஒண்ணு எடுத்துக்கிட்டு வந்தார். பழைய டியூபைத் தண்ணித் தொட்டியில அமுக்கி, குமிழி வந்த இடத்துல உப்புத்தாள் தேய்ச்சு, சொல்யூஷன் தடவி, ஒட்டினார். கோட்டமும் எடுத்துக் கொடுத்தார். அவர் பசங்க ரெண்டு பேரும் பெங்களூர்ல. வேலை நடக்குறதை போன்ல வீடியோ எடுக்கலாமான்னு கேட்டேன். "எடுத்துக்கோ, ஆனா நடுவுல பேசாத"ன்னார். பதினெட்டு நிமிஷம், வெட்டாம, இந்த எபிசோட் பக்கத்துல போட்டிருக்கேன். புது வால் டியூப் அவர் இலவசமா கொடுத்தது, ரெண்டு எக்ஸ்ட்ரா.

அப்பா இப்ப காலையில பால் வாங்க அதுலதான் போறார். அடுத்த வாரம் பார்ப்போம், மக்களே.