ஆடுகளமும் திரைப்படமும்: மறைந்த திடல்கள் பற்றிய ஒரு நோக்கு

ஒரு விளையாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் வீரர்களையும் வெற்றிகளையுமே நினைவுகூர்வர். அவ்விளையாட்டு நிகழ்ந்த நிலத்தைப் பற்றி எண்ணுவோர் சிலரே. இக்குறையை ஓரளவு நிறைவு செய்தவை அமெரிக்க நாட்டின் பேஸ்போல் திரைப்படங்கள் எனலாம்.

பேஸ்போல் ஆட்டத்தில் தளங்களுக்கிடையிலான தூரம் 90 அடியென வரையறுக்கப்பட்டுள்ளது. ஆயின், வெளித்திடலின் வடிவம் எங்கும் ஒரே தன்மையதன்று. நகரத் தெருக்களுக்கிடையே கிடைத்த நிலத்திற்கேற்பப் பழைய அரங்குகள் அமைந்தன. 1912இல் திறக்கப்பட்ட பொஸ்டன் நகரின் பென்வே அரங்கில் 37 அடி உயர மதில் எழுந்து நிற்பதும், 1914இல் திறக்கப்பட்ட சிக்காகோ அரங்கின் சுவரிற் கொடி படர்ந்திருப்பதும் இதற்குச் சான்றாகும். எனவே, ஒவ்வோர் அரங்கும் தனக்கென ஒரு முகத்தை உடையதாயிற்று. திரைப்பட நெறியாளர்கள் இம்முகத்தையே நாடிச் சென்றனர்.

லூ கெரிக் என்னும் வீரரின் வாழ்வைக் கூறும் 'த பிரைட் ஒவ் த யாங்கீஸ்' (1942) படத்தின் ஆட்டக் காட்சிகளுக்கு லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ரிக்லி அரங்கு பயன்பட்டது. 1925இல் எழுந்த அவ்வரங்கு 1969இல் இடிக்கப்பட்டது. 'த நச்சுரல்' (1984) படம்பிடிக்கப்பட்ட பவலோ நகரப் போர் நினைவரங்கும் அப்படம் வெளிவந்து சில ஆண்டுகளிற் பெரும்பாலும் தகர்க்கப்பட்டது. இன்று அவ்வரங்குகளில் ஆட்டம் நிகழ்ந்த தோற்றத்தைக் காண விரும்புவோர் திரையையே நாட வேண்டியுள்ளது. கதை கற்பனையாயினும், அதன் பின்னணியில் நின்ற மண்ணும் மதிலும் உண்மையானவை. கதைக்காக எடுக்கப்பட்ட படம், எடுத்தோர் கருதாமலே வரலாற்று ஆவணமாக மாறிவிடுவது நோக்கற்பாலது.

இதற்கு மறுதலையான நிகழ்வும் உண்டு. 'பீல்ட் ஒவ் ட்ரீம்ஸ்' (1989) படத்திற்காக அயோவா மாநிலத்தின் டையர்ஸ்வில் என்னுமிடத்திற் சோள வயலை அழித்து ஒரு திடல் உருவாக்கப்பட்டது. படம் முடிந்த பின்னரும் மக்கள் அதனைக் காண வந்தவண்ணம் இருந்தனர். 2021 ஓகஸ்ட் 12 அன்று அதன் அருகே அமைக்கப்பட்ட அரங்கில் தொழின்முறை அணிகளிரண்டு மோதின. திரை ஒரு திடலைப் பிறப்பித்தது. நம் நாட்டிலும் 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' (1957) படமாக்கப்பட்ட கித்துள்கல ஆற்றங்கரையை இன்றும் பலர் தேடிச் செல்கின்றனர்.

இனி, நம்முடைய திடல்களின் நிலை யாது? பேஸ்போலுக்கு உறவுடையதெனத் தோன்றும் எல்லே ஆட்டம் இலங்கைக் கிராமங்களிற் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி ஆடப்படுவது. மூங்கிற் கழியாற் பந்தை அடித்தவர் நிறுத்தங்களைக் கடந்து ஓடுவார். ஓடுபவரைப் பந்தால் எறிந்து ஆட்டமிழக்கச் செய்வது எதிரணியினர் முயற்சி. இதற்கு அரங்கு வேண்டியதில்லை. பெரும்போக அறுவடை முடிந்த வயலே போதுமானது.

மாத்தளை மாவட்டத்தின் லக்கல இத்தகைய வயல்களைக் கொண்டிருந்த பிரதேசம். நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்திலுள்ள இப்பகுதியில், மொறகஹகந்த - களு கங்கை அபிவிருத்தித் திட்டத்தின் கீழ் களு கங்கை மறிக்கப்பட்டது. பழைய லக்கல நகரும் அயற்கிராமங்களும் வயல்களும் நீரினுள் அமிழ, மக்கள் வேறிடங்களிற் குடியமர்த்தப்பட்டனர். புதிய நகரொன்றும் அமைக்கப்பட்டது. வறண்ட நிலங்களுக்கு நீர் வழங்கும் இத்திட்டத்தின் பயனை எவரும் மறுப்பதற்கில்லை. வீட்டுக்கும் வயலுக்கும் இழப்பீட்டைக் கணக்கிட முடியும். ஆனால், புத்தாண்டுக் காலத்தில் ஊர் கூடிநின்ற வெளியை எந்தக் கணக்கில் எழுதுவது?

பவலோவின் அரங்கு இடிந்தபோது அதற்கு ஒரு படம் எஞ்சியது. நம் கிராமத்து வெளிகளோ கமராவின் பார்வை படாமலே மறையக்கூடியவை. மலைகளின் அழகுக்காக இப்பிரதேசத்தை நாடி வருவோர் பலர். அம்மலைகள் 2010இல் உலக மரபுரிமைச் சிறப்பும் பெற்றுள்ளன. அவற்றின் கீழ் மனிதர் ஆடி மகிழ்ந்த நிலத்தையும் பதிவு செய்வது வரலாற்று மாணவரின் கடனாகும். எஞ்சியுள்ள திடல்களைப் படம்பிடிப்பதும், அமிழ்ந்தவற்றை நினைவிற்கொண்ட முதியோரிடம் கேட்டெழுதுவதும் இன்று இயலும். அம்முதியோரும் மறைந்த பின்னர் அது இயலாது.