பீடி முறமும் பள்ளிக்கூடத்துப் பாயும்

செயல்வழிக் கற்றல் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கியது என்றுதான் எங்கும் எழுதியிருக்கிறார்கள். ஆண்டு சரிதான். ஆனால் குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கம் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்த எங்களுக்கு அந்த வரலாறு பாதியில் ஆரம்பிப்பதாகவே படும். அதன் வேர் எங்கள் மாவட்டத்துப் பீடித் திண்ணைகளில் இருக்கிறது. பாடம் நடத்தும் முறையை மாற்றச் சொல்லி எங்களிடம் முதலில் கேட்டவர்கள் அடமானத்திலிருந்து மீண்டு வந்த பிள்ளைகள். அவர்கள் வாய்விட்டுக் கேட்கவில்லை. வகுப்பிலிருந்து எழுந்து போனார்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் பக்கம் என்றாலே தோல்தான். பாலாற்றுத் தண்ணீரையும் ஆவாரம் பட்டையையும் நம்பி வளர்ந்த தொழில் அது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று வரிசையாகத் தோல் பதனிடும் ஷாப்புகள். தோல் வியாபாரத்தில் சம்பாதித்தவர்கள் படிப்புக்கும் கொடுத்தார்கள். வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919-இல் வந்தது. மேல்விஷாரத்துத் தோல் வணிகர் சி. அப்துல் ஹக்கீம் பெயரில் 1965-இல் ஒரு கல்லூரி எழுந்தது. இதெல்லாம் பெருமைதான். ஆனால் அந்தப் படிப்பு எட்டிப் பார்க்காத தெருக்களும் அதே ஊர்களில் இருந்தன. அங்கே ஆண்கள் ஷாப்புக்குப் போனார்கள், பெண்களும் பிள்ளைகளும் பீடி சுற்றினார்கள்.

1991-இல் நான் சேர்ந்த பள்ளி ஓர் ஈராசிரியர் பள்ளி. வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கும், பிள்ளை இருக்காது. வீடு தேடிப் போனால் திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். மடியில் முறம், முறத்தில் நனைத்து வெட்டிய பீடி இலை, ஓரத்தில் தூள். இலையை இடக்கையில் விரித்து, தூளைப் பரப்பி, ஒரே உருட்டில் சுற்றி, முனையை மடக்கி, நூல் கட்டி எறிவாள். என்னோடு பேசும்போதும் விரல் நிற்காது. "ஏம்மா பள்ளிக்கூடம் வரல?" என்றால், பதிலுக்கு உள்ளே அம்மாவைப் பார்ப்பாள்.

அம்மாவிடம் பதில் இருந்தது. அக்கா கல்யாணத்துக்கோ அப்பா வைத்தியத்துக்கோ ஏஜெண்டிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். பிள்ளைதான் அடமானம். அவள் சுற்றும் பீடியின் கூலி வட்டிக்கே போய்விடும். அசலை மொத்தமாகக் கட்டினால்தான் விடுவிப்பார்கள், மொத்தமாகக் கட்டப் பணம் இருந்தால் அந்தப் பிள்ளை ஏன் அங்கே போகிறாள்? கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. ஆனாலும் அடமானம் நிற்கவில்லை. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 1996-இல் இந்தியாவின் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் எங்கள் வட ஆர்க்காட்டுப் பீடித் தொழிலும் இடம்பெற்றது. மாவட்டத்துக்கு அப்படி ஒரு பெயர்.

அந்த நடுத் தொண்ணூறுகளில் எங்கள் கலெக்டராக இருந்தவர் எம்.பி. விஜயகுமார். அடமானப் பிள்ளைகளை மீட்பதைத் தன் முதல் வேலையாக எடுத்துக்கொண்டார். மீட்ட பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளிகள் திறந்தார்கள். கட்டடம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. கிடைத்த கூடத்தில் பாய் விரித்து, மதிப்பூதியத்துக்கு வந்த இளம் பெண்களும் பையன்களும் சொல்லிக்கொடுத்தார்கள். ஒன்பது வயதுப் பிள்ளையும் பதிமூன்று வயதுப் பிள்ளையும் ஒரே பாயில். ஒருத்தி ஜூனில் வருவாள், இன்னொருத்தி அக்டோபரில் வருவாள். 'எல்லாரும் பக்கம் ஐந்தை எடுங்கள்' என்பதற்கு அங்கே வழியே இல்லை. பாட்டு, கதை, புளியங்கொட்டை, அட்டை என்று ஒவ்வொரு பிள்ளையையும் அதது நிற்கிற இடத்திலிருந்து தூக்கிவிட வேண்டியிருந்தது.

சிக்கல் அடுத்த கட்டத்தில் வந்தது. சிறப்புப் பள்ளியில் தேறிய பிள்ளைகளை எங்களைப் போன்ற வழக்கமான பள்ளிகளில் சேர்த்தார்கள். எங்கள் பள்ளிக்கு வந்த ஒரு பெண்ணை நான் மறக்கவில்லை. பதினோரு வயது. அவளுக்கு எழுத்து இன்னும் சரியாகப் படியவில்லை என்று சின்னப் பிள்ளைகளோடு உட்கார வைத்தோம். ஒன்று முதல் நூறு வரை ஸ்லேட்டில் எழுதச் சொன்னோம். ஆனால் அவள் வருஷக்கணக்கில் பீடி எண்ணியவள். கட்டுக்கு 25, நாற்பது கட்டு சேர்ந்தால் ஆயிரம், அதற்குத்தான் கூலி. பதினேழு கட்டு முடிந்திருந்தால் இன்னும் எத்தனை பீடி பாக்கி என்று கேட்டால் யோசிக்காமல் 575 என்பாள். பெருக்கலும் கழித்தலும் அவள் விரலில் இருந்தன, அவற்றை எழுதும் முறைதான் தெரியாது. அதை ஸ்லேட்டில் இறக்கிவைக்க எங்கள் வகுப்பில் ஒரு வழியும் இல்லை. பள்ளிக்கூடம் அவளைத் திரும்பவும் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னது. சில வாரங்களில் வருவதை நிறுத்திவிட்டாள்.

இப்படித்தான் பல பள்ளிகளில் நடந்தது. மீட்ட பிள்ளை நிற்க வேண்டுமென்றால் சாதாரணப் பள்ளியே மாற வேண்டும் என்று விஜயகுமார் கண்டுகொண்டது இங்கேதான். அதற்கான விடை எங்கள் எல்லைக்கு அந்தப் பக்கமே இருந்தது. குடியாத்தத்திலிருந்து மலையேறிப் பலமநேர், புங்கனூர் தாண்டினால் மதனப்பள்ளி. அதன் பக்கத்தில் ஜே. கிருஷ்ணமூர்த்தி நிறுவிய ரிஷி வேலி. அங்கே பத்மநாப ராவ், ராமா தம்பதியர் சுற்றுக் கிராமங்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்காக ஒரு முறையை உருவாக்கியிருந்தார்கள். பாடநூலைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்து, ஏணிப்படி போல் வரிசைப்படுத்தி, ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறும்படி வைத்தார்கள். பல வகுப்புப் பிள்ளைகளும் ஒரே அறையில் இருந்தார்கள்.

விஜயகுமார் பிறகு சென்னை மாநகராட்சி ஆணையரானார். மாநகராட்சி ஆசிரியர்களை ரிஷி வேலிக்கு அனுப்பி, அந்த முறையைச் செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் 2003-இல் 13 பள்ளிகளில் தொடங்கினார். அடுத்து மாநகராட்சியின் எல்லாத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போயிற்று. அவர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநில இயக்குநராக இருந்தபோது, 2007-இல், தமிழ்நாட்டின் 37,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் முதல் நான்கு வகுப்புகளுக்கும் வந்துவிட்டது. இங்கிருந்து கிளம்பியது சென்னை சுற்றி இங்கே வந்து சேரப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

வந்தபோது எங்கள் வகுப்பறை தலைகீழாயிற்று. பெஞ்சுகள் வெளியே போயின, பாய் விரித்தோம். சுவரைச் சுற்றிப் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை, ஆளுக்கு ஒரு கட்டம். தலைக்கு மேலே கம்பிப் பந்தல், அதில் அன்றன்று பிள்ளைகள் வரைந்ததும் எழுதியதும் தொங்கும். வருகையைப் பிள்ளைகளே குறிப்பார்கள். காலநிலை அட்டவணையும் ஆரோக்கியச் சக்கரமும் அவர்கள் பொறுப்பு. நகம் வெட்டினாயா, தலை வாரினாயா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அட்டைகள் தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு சின்னம். பிள்ளை ஏணிப்படியில் தன் சின்னத்தைப் பார்த்து, தட்டிலிருந்து அட்டையை எடுத்து, உரிய குழுவில் போய் உட்காரும். ஒரு குழுவுக்கு ஆசிரியர் உதவி முழுதாக உண்டு, ஒரு குழுவில் சக மாணவன் உதவுவான், இன்னொன்றில் தானே செய்ய வேண்டும். விட்டுப்போன நாளுக்குத் தண்டனை இல்லை, விட்ட படியிலிருந்து ஏறலாம். அந்தப் பதினோரு வயதுப் பெண்ணுக்கு வேண்டியிருந்தது இதுதான்.

பிள்ளைக்குப் பிள்ளை கற்றுக்கொடுப்பது இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை மணலில் விரல் பிடித்து எழுதவைத்தது அதுவே. 1789-இல் எழும்பூரில் அனாதைச் சிறுவர் விடுதிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் இந்த மணல் எழுத்தைப் பார்த்து எடுத்துக்கொண்டு, பிள்ளைகளையே ஆசிரியராக்கி, 1797-இல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். இங்கிலாந்தில் அதற்கு மெட்ராஸ் முறை என்றே பெயர்.

எங்களுக்கு எளிதாகவா இருந்தது? "இன்னா டீச்சரு, பாடம் நடத்தாம புள்ளைங்களோட தரையில ஒக்காந்துகினு கீறீங்க?" என்று பெற்றோர் வாசலில் நின்று கேட்பார்கள். அட்டை தொலையும், கிழியும், மாற்று அட்டை வர மாதமாகும். தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளைக்கும் உருது பேசும் வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே தமிழ் அட்டை. பார்வையிட வந்தவர்கள் சிலர் சின்னத்தைச் சரிபார்த்தார்களே தவிர, பிள்ளை படிக்கிறதா என்று பார்க்கவில்லை. இந்தக் குறைகளை நான் மறைக்கமாட்டேன்.

ஆனாலும் நான்காம் வகுப்பில் ஒரு நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். பின்ன அட்டையில் வட்டத்தை நாலாக வெட்டிக் காட்டியிருந்தார்கள். ஒரு பையனுக்குப் பிடிபடவில்லை. அவன் அப்பா ஷாப்பில் அளவு மிஷினில் நிற்பவர். தோலைச் சதுர அடியில் அளந்து, உள்பக்கம் சாக்பீஸால் எண் போடுவார்கள். பெரிதாக 5 போட்டு, தோளில் சின்னதாக 3 போட்டால் ஐந்தடியோடு மூன்று கால். அந்தப் பையன் தன் கட்டத்துக் கரும்பலகையில் அப்படியே எழுதிவிட்டு, "அஞ்சே முக்கா அடி, டீச்சர்" என்றான். சின்ன 1 போட்டால், சின்ன 2 போட்டால் என்று நான் கேட்கக் கேட்க, கால், அரை என்று சொன்னான். அதன் கீழே ஐந்தும் நாலில் மூன்றும் என்று பள்ளிக்கூட வழியில் எழுதிக் காட்டினேன். பக்கத்துக் குழுவும் எழுந்து வந்து நின்றது. அன்று பின்னத்தை வகுப்புக்கு நடத்தியவன் அவன்தான். வரிசையில் உட்கார்ந்து கரும்பலகையைப் பார்த்து எழுதும் வகுப்பாக இருந்தால் அந்தக் குட்டி 3 வெளியே வந்திருக்காது.

2012-இல் முப்பருவ முறை, 2018 முதல் புதிய பாடநூல்கள் என்று வந்ததில் அட்டைகள் மெல்ல அலமாரிக்குப் போயின. பாய் மட்டும் பல பள்ளிகளில் நின்றுவிட்டது. கொரோனாவுக்குப் பின் 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரிக்கிறார்கள். பாடல் களம், கதைக் களம் என்று மூலைகள் இருக்கின்றன. ஏணிப்படியின் சாயல் எனக்கு அதில் தெரிகிறது. இன்று ஆம்பூர்ப் பக்கம் தாய்மார்கள் ஷூ கம்பெனி வேன் பிடிக்கக் காலையிலேயே கிளம்பிவிடுகிறார்கள். 2023-இல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த காலை உணவு அந்தப் பிள்ளைகளுக்கு எத்தனை பெரிய துணை என்று பள்ளியில் நின்று பார்த்தால் தெரியும்.

சிறப்புப் பள்ளிகள்தான் இல்லை. அவற்றை நடத்திவந்த தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தை 2021-இல் ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். அங்கே மதிப்பூதியத்துக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் நடு வயதில் இருக்கிறார்கள். என்ன பாட்டுப் பாடினார்கள், எந்த அட்டையைத் தங்கள் கையால் வரைந்தார்கள், எந்தப் பிள்ளையை எப்படி நிறுத்திவைத்தார்கள் என்று சொல்ல அவர்களால் முடியும். ராணிப்பேட்டையில் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. பயிற்சிக்கு வரும் மாணவர்களை ஒரு குறிப்பேட்டோடு அந்த வீடுகளுக்கு அனுப்பலாம். இந்த வருஷமே அனுப்பலாம்.